‘உப்புமூட்டை உடன்பாடு’: மையக் கட்சியின் 1953 தேர்தலை முன்வைத்து ஒரு கலைச்சொல் விவாதம்

சொல்லாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தேர்தல் இயல் சொல்லடைவில் இன்னும் நிரப்பப்படாமல் கிடப்பது ஒரே ஒரு வரிதான். ஜெர்மானியர் ‘ஹுக்கபாக்’ (பிள்ளையை முதுகில் தூக்குவது) முறை என்று சொல்வதற்கு நம்மிடம் பெயர் இல்லை. பெரிய கட்சி ஒன்று ஏதாவது ஒரு தொகுதியில் வேட்பாளரை நிறுத்தாமல் ஒதுங்கிக்கொள்கிறது. அங்கே சிறிய கட்சி வெல்கிறது. நாடு முழுவதும் இத்தனை விழுக்காடு வாக்கு வாங்கினால்தான் உள்ளே வரலாம் என்ற தடை, அந்த ஒரு வெற்றியால் சிறிய கட்சிக்கு நீங்கிவிடுகிறது. இதற்கு என் முன்மொழிவு: உப்புமூட்டை உடன்பாடு.

இந்த முறையால் ஒருமுறை பிழைத்த கட்சியைப் பற்றிச் சொல்லிவிட்டு மற்ற முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

ஜெர்மனியின் மையக் கட்சி 1870-இல் கத்தோலிக்கர்களின் அரசியல் அமைப்பாகப் பிறந்தது. பிரஷ்ய அவையின் நடுப்பகுதியில் கத்தோலிக்க உறுப்பினர்கள் உட்கார்ந்ததால் வந்த பெயர் அது. (சொல்லடைவின் முதல் வரைவில் இதை ‘நடுவண் கட்சி’ என்று போட்டிருந்தோம். தயவுசெய்து மாற்றிவிடுங்கள். நடுவண் என்றதும் தமிழ் வாசகருக்கு தில்லி அரசுதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது நாற்காலி போட்டிருந்த இடம்.) ஜெர்மன் பேரரசின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் 1871-இல் பிரசங்க மேடையில் அரசியல் பேசும் பாதிரியார்களைத் தண்டிக்கச் சட்டம் கொண்டுவந்தார். 1873-இல் குருமார்களின் கல்வியையும் நியமனத்தையும் அரசின் பிடிக்குள் இழுத்தார். கத்தோலிக்கர்கள் லுட்விக் விண்ட்ஹோர்ஸ்ட் தலைமையில் திரண்டார்கள். ஒடுக்க ஒடுக்கக் கட்சி வளர்ந்தது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய வைமார் குடியரசில் விர்ட், மார்க்ஸ், புரூனிங் என்று தலைமை அமைச்சர்களையே தந்தது. (இந்த மார்க்ஸ், வில்ஹெல்ம் மார்க்ஸ், சொல்லடைவில் முழுப் பெயர் தேவை.) பிறகு 1933 மார்ச் 23 அன்று ஹிட்லருக்குத் தனியதிகாரம் அளித்த சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. அதே ஆண்டு ஜூலை 5 அன்று தன்னையே கலைத்துக்கொண்டது. அந்த வாக்கை என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை. ஆனால் அது வேறு மடலுக்கான பேச்சு.

நமக்கு வேண்டிய பகுதி 1945-க்குப் பிறகு வருகிறது. அந்த அக்டோபரில் வெஸ்ட்ஃபாலியாவின் ஸோஸ்ட் நகரில் கட்சி மறுபடியும் தொடங்கப்பட்டது. ஆனால் வீட்டுக்காரர்கள் பெரும்பாலோர் ஏற்கெனவே வேறு வீட்டுக்குக் குடிபோய்விட்டிருந்தார்கள். கொலோன் நகரின் முன்னாள் மேயரும் பழைய மையக் கட்சிக்காரருமான அடெனாவர், கத்தோலிக்கரையும் சீர்திருத்தச் சபையினரையும் ஒன்றாகச் சேர்த்த கிறித்தவ ஜனநாயக ஒன்றியத்துக்குப் போனார். உடன் பெருங்கூட்டமும் போனது. எஞ்சியவர்கள் பெரிதும் ரைன், வெஸ்ட்ஃபாலியா பகுதிகளில் இருந்தவர்கள். புதிய ஒன்றியம் முதலாளிகளின் பக்கம் சாய்கிறது என்று எண்ணி, தொழிலாளருக்கு நெருக்கமான ஒரு கத்தோலிக்கக் கட்சி வேண்டும் என்று நின்றவர்கள்.

அவர்களில் என் மனத்தில் நிற்பவர் ஹெலேன வெஸ்ஸல். மேற்கு ஜெர்மனியின் அடிப்படைச் சட்டத்தை எழுதிய பேரவையில் இருந்த நான்கு பெண்களில் ஒருவர். 1949 மே 8 அன்று அந்தச் சட்டம் 53-க்கு 12 என்ற கணக்கில் நிறைவேறியபோது, எதிர்த்து வாக்களித்த 12 பேரில் மையக் கட்சியின் இருவரும் உண்டு. ஒருவர் வெஸ்ஸல், மற்றவர் யோஹன்னஸ் பிராக்மன். பிள்ளைகளின் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் உரிமைக்குப் போதிய இடம் தரவில்லை என்பது அவர்களுடைய குறை. அதே ஆண்டு வெஸ்ஸல் கட்சித் தலைவரானார். நாடு மீண்டும் படை திரட்டுவதை எதிர்த்தார், அதனால் கட்சிக்குள் தனித்து நின்றார், கடைசியில் விலகினார்.

எண்களைப் பாருங்கள். 1949-இல் 3.1 விழுக்காடு வாக்கு, 10 இடங்கள். அப்போது ஐந்து விழுக்காட்டுத் தடை மாநில அளவில்தான் கணக்கிடப்பட்டது. ஒரு மாநிலத்தில் தாண்டினால் போதும். 1953-இல் அதை நாடு முழுமைக்கும் மாற்றினார்கள். ஒரே மாநிலத்தில் வேர்விட்ட கட்சிக்கு இது கழுத்தில் கத்தி. ஆனால் சட்டத்தில் ஒரு வழி இருந்தது: ஒரு தொகுதியை நேரடியாக வென்றால் தடை பொருந்தாது. அந்தத் தேர்தலில்தான் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள் வந்தன, முதல் வாக்கு தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாம் வாக்கு கட்சிப் பட்டியலுக்கு. ரூர் பகுதியின் தொழில் நகரமான ஓபர்ஹவுசனில் கிறித்தவ ஜனநாயக ஒன்றியம் வேட்பாளரை நிறுத்தவில்லை. மையக் கட்சி அந்தத் தொகுதியை வென்றது. நாடு முழுவதும் அதற்குக் கிடைத்தது 0.8 விழுக்காடு. ஆனாலும் மூன்று உறுப்பினர்கள் உள்ளே போனார்கள்.

இனி உங்கள் முன்மொழிவுகள்.

> ‘சார்புநிலைத் தேர்தல் உடன்படிக்கை’ என்றால் பொருள் தெளிவாகிவிடுமே?

ஐயா, எல்லாக் கூட்டணியும் ஏதோ ஒரு சார்புநிலைதான். ஓபர்ஹவுசனில் நடந்ததன் தனித்தன்மை தடையைத் தாண்டியதில் இருக்கிறது. உங்கள் சொல்லில் அது எங்கேயும் இல்லை. மேடையில் ஒருவர் இதைச் சொன்னால் கேட்பவர் கண்ணுக்கு முன்னால் எதுவும் எழாது.

> ‘சவாரி ஒப்பந்தம்’ சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம்தான், ஆனால் வசை கலந்திருக்கிறது. ஒருவர் முதுகில் ஒருவர் சவாரி செய்கிறார் என்றால் ஏமாற்றுகிறார் என்றுதான் நாம் பொருள் கொள்வோம். சுமப்பவர் மனமுவந்து சுமக்கிறார், தமக்கும் ஆதாயம் பார்க்கிறார் என்பது அதில் அடிபட்டுப் போகிறது. ‘ஒட்டுண்ணி உடன்பாடு’ என்று எழுதிய நண்பருக்கும் இதே பதில். கலைச்சொல் தீர்ப்பு எழுதக் கூடாது.

> ‘முதுகேற்று உடன்பாடு’ மூலத்துக்கு மிக அருகில் நிற்கிறது அல்லவா?

அருகில் நிற்கிறது, அம்மா. ஆனால் அதை நாம் செய்து எடுக்க வேண்டியிருக்கிறது. செய்யாமலே கையில் இருக்கும் சொல்லை ஏன் விட வேண்டும்?

சென்ற வாரம் எங்கள் தெருவில் பார்த்தேன். கோடி வீட்டு மதிலுக்கு அப்பால் தென்னையில் ஆள் ஏறி இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார். ஐந்து வயதுப் பையன் நுனிக்காலில் நின்று எக்கிப் பார்க்கிறான், மதில் மறைக்கிறது. அக்காள் குனிந்தாள். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவள் இரண்டு கைகளையும் பின்னால் கொடுத்து முழங்காலுக்கடியில் தாங்கி நிமிர்ந்தாள். பையனுடைய தலை மதிலுக்கு மேலே வந்துவிட்டது. அவன் உயரம் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை. 0.8 விழுக்காடு 0.8 விழுக்காடாகவே இருந்தபடி நாடாளுமன்றத்துக்குள் போனதை இதைவிடத் தெளிவாக எந்தச் சொல் சொல்லும்? மதிலும் இருக்கிறது, சுமப்பவரும் இருக்கிறார், சுமக்கப்படுபவரும் இருக்கிறார்.

> குழந்தை விளையாட்டுச் சொல்லை அறிவியல் சொல்லடைவில் ஏற்றினால் மதிப்பாக இருக்குமா?

மூலச் சொல்லும் பிள்ளையை முதுகில் தூக்கும் சொல்தான். அதிலுள்ள ‘ஹுக்க’ என்பது முதுகில் சுமக்கும் மூட்டை. ஜெர்மானியர் சுமையைச் சொல்லிப் பிள்ளையைக் குறித்தார்கள். நாமும் உப்பு மூட்டையைச் சொல்லிப் பிள்ளையைக் குறித்தோம். இரண்டு மொழிகளும் தொடர்பே இல்லாமல் ஒரே வழியில் போயிருக்கின்றன. அவர்களுடைய தேர்தல் ஆய்வாளர்கள் இந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் கூச்சம்?

> நம் ஊரில் சிறிய கட்சிகள் பெரிய கட்சியின் சின்னத்தில் நிற்கின்றனவே, அதுவும் உப்புமூட்டைதானா?

முக்கியமான கேள்வி. இல்லை என்பதே என் கருத்து. நம் முறையில் தொகுதியில் முதலில் வந்தவர் உறுப்பினர். அவருடைய கட்சி நாடு முழுவதும் எவ்வளவு வாக்கு வாங்கியது என்று எவரும் கேட்பதில்லை. தாண்ட வேண்டிய மதில் இல்லாத இடத்தில் தூக்கிக் காட்ட வேண்டியதும் இல்லை. அதற்குத் தொகுதிப் பங்கீடு என்ற நல்ல சொல் வழக்கில் இருக்கிறது. இரண்டையும் கலக்க வேண்டாம்.

இன்னோர் எல்லையையும் குறித்துவிட வேண்டும். 2021-இல் வேறொரு கட்சியின் சார்பில் தேர்வான ஊவே விட், அதிலிருந்து விலகி 2022 தொடக்கத்தில் மையக் கட்சியில் சேர்ந்தார். 1957-க்குப் பிறகு அந்தக் கட்சிக்கு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கிடைத்தார். சில மாதங்களில் அவரும் விலகினார். இது கட்சி மாறல். உப்புமூட்டை ஆகாது.

சொல் பழைய கதைக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1956-இல் தடைவிலக்குக்கு வேண்டிய நேரடித் தொகுதிகளை ஒன்றிலிருந்து மூன்றாக உயர்த்தினார்கள். 1957-இல் மையக் கட்சி பவேரியக் கட்சியோடு சேர்ந்து நின்றும் ஓர் இடமும் பெறவில்லை. ஆனால் அதே தேர்தலில் ‘ஜெர்மன் கட்சி’ என்ற பெயருடைய சிறிய கட்சி, அடெனாவர் கட்சியின் தயவோடு ஆறு தொகுதிகளை நேரடியாக வென்று, 3.4 விழுக்காட்டுடன் 17 இடங்களைப் பெற்றது. சுமக்க ஆள் இல்லாத 1961-இல் அதன் வழிவந்த கட்சிக்கு ஒன்றும் இல்லை. விலக்கு விதி பிற்காலத்திலும் வேலை செய்தது: 2021-இல் இடதுசாரிக் கட்சி 4.9 விழுக்காடு பெற்று, மூன்று நேரடித் தொகுதிகளால் உள்ளே வந்தது. அந்தத் தொகுதிகள் அதன் சொந்த பலம்; அதனால் அங்கே விலக்கு உண்டு, உப்புமூட்டை இல்லை. விதிக்கும் உடன்பாட்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

சொல்லடைவில் சேர்க்க வேண்டியவையாக நான் எழுதிவைத்திருப்பவை: தடைவரம்பு (ஐந்து விழுக்காடு), நேர்தொகுதி விலக்கு (சட்டம் தரும் வழி), உப்புமூட்டை உடன்பாடு (அந்த வழியில் ஒரு கட்சியை மற்றொரு கட்சி கொண்டுசேர்ப்பது), சுமக்கும் கட்சி, சுமைக் கட்சி. கடைசிச் சொல்லில் எனக்கே திருப்தி இல்லை. சுமை என்றால் பாரம், தொல்லை என்ற நிழல் விழுகிறது. ‘ஏறிய கட்சி’ என்று பார்த்தேன், அது விலைவாசி மாதிரி ஒலிக்கிறது. நல்ல சொல் கிடைத்தால் எழுதுங்கள்.

‘உப்புமூட்டை’ என்பதை இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக எழுதலாம் என்று நினைக்கிறேன். பிரித்தால் கடையில் எடை போடும் மூட்டையாகிவிடும். புணர்ச்சி பற்றிப் புலவர் ஐயா ஒரு வரி எழுதினால் வெள்ளிக்கிழமைக்குள் அச்சுப்படியில் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
தொகுப்புக் குழுவிலிருந்து