பிளிங்கர் மினுக்காமல் சதுரமாக நின்றுவிடுகிறது, அவசர உதவி

கட்டபெட்டு:
வணக்கம். கேம் ஆஃப் லைஃப், அதாவது கட்டங்களில் செல்கள் விதிப்படி பிறந்து சாகும் கணினி விளையாட்டு, எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே கோட்டில் மூன்று செல், படுக்கையும் நிறுத்தலுமாக மாறி மாறி மினுக்க வேண்டிய பிளிங்கர் வரவே மாட்டேன் என்கிறது. மூன்று செல் வைத்தால் சதுரமாகி நின்றுவிடுகிறது. விதியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, திரும்பத் திரும்பப் பார்த்தாயிற்று. நாளை காலை பள்ளிக் கண்காட்சியில் வைக்க வேண்டும். இங்கே விடாத மழை, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

வெலிங்டன்வாசி:
எந்த மொழியில் எழுதுகிறீர்கள் தம்பி? கிரிட், அதாவது கட்டப் பலகை, எத்தனைக்கு எத்தனை? ஓரத்துக்கு வந்தால் மறுபக்கம் சுற்றி வருகிறதா, இல்லை அங்கேயே வெட்டிவிடுகிறீர்களா? நிரலை ஒட்டாமல் என்ன சொல்வது?

மதுரைக்காரன்:
ஓரப் பிரச்சினைதான், சந்தேகமே வேண்டாம். பைத்தானாக இருந்தால் இன்டெக்ஸ், அதாவது வரிசையின் இட எண், மைனஸ் ஒன்றுக்குப் போனாலும் பிழை காட்டாது, சத்தமில்லாமல் கடைசி வரிசையை எடுத்துக் கொடுத்துவிடும். இடது ஓரமும் மேல் ஓரமும் சுற்றி வரும், வலதும் கீழும் பிழை அடிக்கும். கிரிட்டைச் சுற்றி ஒரு வரிசை காலிச் செல் வையுங்கள், சரியாகிவிடும்.

பழைய நிரலர்:
முதலில் விதியைப் படித்துவிட்டு வாருங்கள். 1970 அக்டோபரில் சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்தியில் மார்ட்டின் கார்ட்னர் எழுதியபோதே தெளிவாகத்தான் எழுதினார். உயிருள்ள செல்லுக்குச் சுற்றியுள்ள எட்டில் உயிருள்ள அண்டை இரண்டு அல்லது மூன்று இருந்தால் பிழைக்கும். காலிச் செல்லுக்குச் சரியாக மூன்று இருந்தால் பிறக்கும். இதை உருவாக்கிய ஜான் கான்வேயின் விதி அவ்வளவுதான். இதில் தடுமாறுகிறவர்கள் தன்னையே அண்டையாக எண்ணுகிறார்கள், எட்டுக்குப் பதில் ஒன்பது. இது ஆரம்பப் பாடம். இதற்கெல்லாம் தனி இழை தேவையில்லை.

கூடலூர் டீச்சர்:
ஒன்பது எண்ணினால் சதுரம் வராது சார். மூன்று செல்லும் பிழைத்து, மேலே ஒன்று கீழே ஒன்று பிறந்து, முதல் அடியில் கூட்டல் குறி மாதிரி ஐந்து செல் வரும். இங்கே சொல்வது சதுரம். அது வேறு நோய்.

கட்டபெட்டு, மூன்று செல்லைப் படுக்கையாக வைத்தீர்களா, நிறுத்தி வைத்தீர்களா? எத்தனாவது அடியில், அதாவது எத்தனாவது தலைமுறையில், சதுரமானது?

கட்டபெட்டு:
பைத்தான், சாதா லிஸ்ட். 20க்கு 20. நடுவில்தான் வைக்கிறேன், ஓரத்துப் பக்கமே போகவில்லை. படுக்கையாக வைத்தால் இரண்டாவது அடியில் சதுரம். நிறுத்தி வைத்தால் ஒரே அடியில் எல்லாம் காணாமல் போகிறது. அது முக்கியமா? அப்புறம் நான் தம்பி இல்லை, தங்கச்சி.

கூடலூர் டீச்சர்:
அதுதான் முக்கியம். விதிக்கு மேல் கீழ், இடம் வலம் என்ற வித்தியாசமே கிடையாது. படுத்தால் ஒன்று, நின்றால் இன்னொன்று நடக்கிறது என்றால் அந்தத் திசை, ஒவ்வொரு செல்லாகப் பார்த்துப் போகும் உங்கள் லூப்பிலிருந்துதான் வருகிறது. ஒரே கிரிட்டைப் படித்து, அதிலேயே எழுதிக்கொண்டும் போகிறீர்கள்.

பென்சிலும் கட்டம் போட்ட தாளும் எடுத்து நீங்களே செய்து பாருங்கள். நிறுத்தி வைத்த மூன்றை எடுத்துக்கொள்வோம். லூப் மேலிருந்து வருகிறது. உச்சிச் செல்லுக்கு ஒரே அண்டை, சாகிறது. நடுச்செல்லுக்கு இரண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் மேலே இருந்ததைச் சற்றுமுன்தான் அழித்தீர்கள். ஒன்றுதான் மிச்சம், அதுவும் சாகிறது. கடைசிச் செல்லுக்கு யாருமே இல்லை. பக்கத்துக் காலிச் செல்களுக்கும் மூன்று சேரவே இல்லை. எல்லாம் காலி.

படுக்கையில், நடுவுக்கு நேர் மேலே ஒன்று பிறக்கிறது. அது சரி. ஆனால் அதற்கு வலப்பக்கத்துச் செல், இப்போதுதான் பிறந்ததையும் சேர்த்து மூன்று என்று எண்ணித் தானும் பிறந்துவிடுகிறது. அடுத்த வரிசைக்கு வந்தால் நடுச்செல்லுக்கு நாலு அண்டை, நெரிசலில் சாகிறது. முதல் அடி முடிவில் மேலே இரண்டு செல், கீழே நடு விட்டு இரு முனைகள். இரண்டாம் அடியில் கீழ் இடது முனை செத்து நடு பிறக்கிறது. வந்துவிட்டது சதுரம். நீங்கள் சொன்னது அப்படியே.

எனவே பழைய தலைமுறையை அப்படியே வைத்துக்கொண்டு, புதியதைத் தனி கிரிட்டில் எழுதுங்கள்.

மதுரைக்காரன்:
டீச்சர், இதைக் கையால் போட்டுப் பார்த்துச் சொன்னீர்களா! அருமை. ஆனாலும் ஓரத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

கட்டபெட்டு:
முதலிலேயே பழையது என்று ஒரு காப்பி எடுத்து வைத்திருக்கிறேன் டீச்சர். சதுர அடைப்புக்குள் கோலன் போட்டுத்தான். அதிலிருந்துதான் எண்ணுகிறேன். அப்படியும் அதே சதுரம்.

பழைய நிரலர்:
அப்படியானால் டீச்சர் சொன்ன காரணம் தவறு. லிஸ்ட்டில் எழுதுவதே தப்பு. நம்பை (NumPy) என்ற பைத்தான் நூலகத்தைக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

வெலிங்டன்வாசி:
காரணம் சரிதான் சார், காப்பிதான் காப்பி இல்லை. அந்தக் கோலன் வெளி லிஸ்ட்டை மட்டும்தான் புதிதாக்கும். உள்ளே இருக்கும் 20 வரிசையும் பழைய வரிசைகளேதான், இரண்டு பெயருக்கும் பொது. ஒன்றில் எழுதினால் இரண்டிலும் மாறும். தங்கச்சி, ஒவ்வொரு வரிசையாகக் காப்பி எடுத்துச் சேருங்கள், அல்லது காப்பி மாட்யூலில் டீப்காப்பி இருக்கிறது, அதைப் போடுங்கள்.

இன்னொன்று. காலி கிரிட் செய்யும்போது ஒரு வரிசையை 20ஆல் பெருக்கி உண்டாக்காதீர்கள். 20 வரிசை இருப்பது போலத் தெரியும், உண்மையில் ஒரே வரிசைதான். ஒரு செல்லைத் தொட்டால் அந்தப் பத்தி முழுக்க மாறும்.

மதுரைக்காரன்:
கண்காட்சிக்குப் பிளிங்கர் மட்டும் போதாதும்மா. பல்சர் வையுங்கள், மூன்று அடிக்கு ஒருமுறை திரும்பும். விரியும்போது 15க்கு 15 இடம் பிடிக்கும், உங்கள் கிரிட்டில் தாராளமாக நிற்கும். பத்துச் செல்லை ஒரே கோட்டில் வைத்தால் பென்டாடெகாத்லான், 15 அடிக்கு ஒருமுறை. எந்த எண்ணைக் கேட்டாலும் அத்தனை அடிக்கு ஒருமுறை திரும்பும் வடிவம் உண்டு என்று ஒரு சார்ட்டில் எழுதி வையுங்கள், பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள்.

பழைய நிரலர்:
பிள்ளைகளுக்குத் தவறாகச் சொல்லாதீர்கள். 19க்கும் 41க்கும் கிடையாது. நான் வெகுகாலமாக இதைப் பின்தொடர்கிறவன்.

மதுரைக்காரன்:
இரண்டுமே 2023இல் கிடைத்துவிட்டன சார். அவைதான் கடைசியாக மிச்சமிருந்தவை. 43லிருந்து மேலே எல்லா எண்ணுக்கும் 2013லேயே வழி பிறந்துவிட்டது. மைக் பிளேல் கண்டுபிடித்த ஸ்னார்க் என்ற வடிவம், தானாக நகர்ந்து வரும் சின்ன வடிவமான கிளைடரைத் தொண்ணூறு டிகிரி திருப்பிவிட்டுத் தானும் பழையபடி ஆகிவிடும். அதில் நான்கை வைத்துக் கிளைடர்களைச் சுற்றவிட்டால் வேண்டிய இடைவெளி கிடைக்கும்.

பழைய நிரலர்:
கிளைடரைச் சுற்றவிடுவதெல்லாம் ஒரு வடிவமா? அது ஒரு இயந்திரம். நாலு அடிக்கு ஒருமுறை அதே உருவம் வந்தாலும் கிளைடர் ஒரு செல் மூலைவாக்கில் தள்ளிப் போயிருக்கும், அதைத் திரும்பும் வடிவம் என்று யாரும் சொல்வதில்லை.

மதுரைக்காரன்:
கிளைடரை நானும் சொல்லவில்லை. அது ஓடும் சுற்று முழுவதையும் ஒன்றாகப் பாருங்கள். இத்தனை அடி கழித்து ஒவ்வொரு செல்லும் அதே இடத்தில் அதே நிலையில் இருந்தால் வேறு என்ன பெயர் சொல்வீர்கள்?

கூடலூர் டீச்சர்:
நல்ல விவாதம்தான், ஆனால் தனி இழையில் வையுங்களேன், அந்தப் பெண்ணுக்கு நேரமில்லை.

கட்டபெட்டு, நாளை கரண்ட் போனாலும் கவலைப்படாதீர்கள். கான்வேயும் நண்பர்களும் கேம்பிரிட்ஜில் கோ பலகையில் காய் வைத்துத்தான் இதை ஆடிப்பார்த்தார்கள். ஒரு சார்ட்டில் கட்டம் போட்டு, தையல்கடையில் கறுப்புப் பொத்தானும் வெள்ளைப் பொத்தானும் வாங்கிக்கொள்ளுங்கள். சாகப்போகும் கறுப்பின்மேல் இன்னொரு கறுப்பு. பிறக்கப்போகும் கட்டத்தில் வெள்ளை. எண்ணும்போது வெள்ளையைச் சேர்க்கக் கூடாது, இரட்டைக் கறுப்பை ஒன்றாக எண்ண வேண்டும். பலகை முழுக்கக் குறித்து முடித்த பிறகுதான் இரட்டையை எடுப்பது, வெள்ளையைக் கறுப்பாக்குவது. கார்ட்னர் அந்தப் பத்தியிலேயே சொன்ன முறை இது. உங்கள் நிரலுக்கு வேண்டியதும் இதேதான்.

கட்டபெட்டு:
வரிசை வரிசையாகக் காப்பி எடுத்ததும் மினுக்குகிறது! படுக்கை, நிறுத்தல் இரண்டும் சரி. டீச்சருக்கும் வெலிங்டன் அண்ணாவுக்கும் நன்றி. கரண்ட் போய்விட்டது, போனில் இருந்து எழுதுகிறேன்.

மதுரைக்காரன்:
பல்சர் வைத்தீர்களா? கண்காட்சி எப்படிப் போனது?

வெலிங்டன்வாசி:
தங்கச்சி, நேரம் கிடைக்கும்போது திருத்திய நிரலை முழுசாக இங்கே ஒட்டிவிடுங்கள். இதே இடத்தில் மாட்டிக்கொண்டு தேடி வருகிறவர்களுக்கு உதவும்.