புதுப்பிப்பு: மெஷ் கடைசியில் எங்கே வைத்தோம்
பழைய அறுவைத் தழும்பில் வந்த 4 செ.மீ. குடலிறக்கத்துக்கு லேப்ராஸ்கோப்பியில் (சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவையில்) மெஷ்ஷை, அதாவது வயிற்றுச் சுவர் ஓட்டைக்கு வலுவூட்டும் வலையை, வயிற்றறைக்குள் வைப்பதா, தசைக்குப் பின்னால் வைப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, அறுவை முடிந்தது. வயிற்றறைக்குள்தான் வைத்தோம், ஆனால் ஓட்டையைத் தைத்து மூடிய பிறகு. அறுவைக்காக வயிற்றுக்குள் ஏற்றும் வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு ஓட்டையை அளக்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி, வயிறு உப்பியிருக்கும்போது ஓட்டை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், தைக்கும்போதும் இழுக்கும். சுற்றிலும் 5 செ.மீ. தாண்டும்படி 15 செ.மீ. சதுர மெஷ், ஒட்டாத பூச்சுள்ள பக்கம் குடலைப் பார்த்து. நான்கு மூலையிலும் வயிற்றுச் சுவரை ஊடுருவும் தையல், அப்புறம் ஓரமெல்லாம் டேக்கர் (மெஷ்ஷைப் பிடித்துவைக்கும் சிறு ஆணிகள்). அந்தத் தையல் போட்ட இடங்களில்தான் இப்போது நோயாளிக்கு வலி, இருமினால் சுருக்கென்று குத்துகிறதாம். தசைக்குப் பின்னால் வைத்திருந்தால் இத்தனை தையலும் டேக்கரும் தேவைப்பட்டிருக்காது. அடுத்தமுறை அதைத்தான் முதலில் யோசிப்பேன்.