ஹீரோஸ் 3: முதல் வாரம் எதைக் கட்டுவது, எந்த நகரத்தை எடுப்பது?

சதுப்புநில_வீரன்

ஹீரோஸ் ஆஃப் மைட் அண்ட் மேஜிக் 3 (முறை வைத்து ஆடும் கணினிப் போர் விளையாட்டு). எம் அளவு வரைபடம் (72×72), பாதாளம் (நிலத்தடி அடுக்கு) கிடையாது, இருவர் ஆட்டம், ஹார்ட் நிலை. தொடக்க நகரத்தில் டேவர்னும் (ஹீரோக்களை அமர்த்தும் விடுதி) ஃபோர்ட்டும் (கோட்டை) இருக்கும். கேஸில், ஸ்ட்ராங்ஹோல்டு, நெக்ரோபோலிஸ் மூன்றில் ஒன்றை எடுக்கலாம்.

கேஸில் எடுத்து கேபிட்டலை (அதிகத் தங்கம் தரும் கடைசி ஹால்) நோக்கிக் கட்டினால், வார முடிவில் மரம் தீர்ந்து வேலை நின்றுவிடுகிறது. எதிராளியோ மூன்றாம் வாரமே வாசலுக்கு வந்துவிடுகிறார். வரிசையை எப்படி மாற்றலாம்? அல்லது நகரத்தையே மாற்ற வேண்டுமா?

கணக்கர்

முதலில் கணக்கு. ஹார்ட் நிலையில் கையில் 15000 தங்கம், 15 மரம், 15 தாது.

நாள் 1: டவுன் ஹால் (2500), கூடவே டேவர்னில் இன்னொரு ஹீரோ (2500)
நாள் 2: மார்க்கெட் (500, 5 மரம்)
நாள் 3: பிளாக்ஸ்மித் (1000, 5 மரம்)
நாள் 4: மேஜ் கில்டு (2000, 5 மரம், 5 தாது)
நாள் 5: சிட்டி ஹால் (5000)
நாள் 6: சிட்டாடல் (2500, 5 தாது)
நாள் 7: கேஸில் கட்டடம் (5000, 10 மரம், 10 தாது)

தங்கம் இடிக்காது. ஏழாம் நாள் கட்டி முடித்த பிறகும் 2000 மிஞ்சும், ஆனால் அதுவரை ஒரு வீரனைக்கூட விலைக்கு வாங்கியிருக்கக் கூடாது. அதிகம் இடிப்பது மரம்தான் (தாதுவும் 20 தேவை, 5 குறையும்). மரம் மொத்தம் 25 தேவை, கையில் இருப்பது 15. மர ஆலை நாளுக்கு 2 தரும். இரண்டாம் நாளே அதைப் பிடித்தால் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை 10 வரும், சரியாக 25. ஒரே ஒரு நாள் பிந்தினால் 23, கேஸில் கட்டடம் எட்டாம் நாளுக்குத் தள்ளிப்போகும். அதற்குள் புது வாரத்தின் வளர்ச்சி (வாரம்தோறும் விற்பனைக்கு வரும் வீரர் எண்ணிக்கை) கணக்காகிவிடும். பைக்மேன் (ஈட்டி வீரன்) 28 கிடைக்க வேண்டிய இடத்தில், சிட்டாடலை மட்டும் வைத்து 21தான்.

அதனால் முதல் நாள் வாங்கிய ஹீரோவின் படையை முதன்மை ஹீரோவிடம் கொடுத்து நேராக மர ஆலையைக் காப்பவர்களை அடிக்க அனுப்புங்கள். இரண்டாமவர் ஒரே ஒரு பைக்மேனோடு தரையில் கிடக்கும் மரத்தையும் தாதுவையும் பொறுக்கட்டும். ஒரு குவியல் மரம் கிடைத்தால்கூட மேலே சொன்ன மர நெருக்கடி போய்விடும்.

எட்டாம் நாள் கேபிட்டல் என்று சிலர் சொல்வார்கள். அதன் விலை 10000, அன்று காலை உங்களிடம் இருப்பது 4000. மீதி 6000 வரைபடத்தில் கிடக்கும் புதையல் பெட்டிகளிலிருந்து வரவேண்டும். பெட்டிக்கு 1000, 1500 அல்லது 2000 தங்கம்தான், அதற்காக அனுபவப் புள்ளிகளையும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

மூன்றாம்வாரம்

கணக்கு சரி, ஆனா எம் வரைபடத்துக்கு இந்தத் திட்டம் சோம்பேறித்தனம். மூன்று ஹாலும் போட்ட காசை எடுக்க 5 நாள் ஆகும். 2500க்கு கூடுதலா 500, 5000க்கு 1000, 10000க்கு 2000. பத்தாம் நாள் கேபிட்டல் கட்டினா பதினைந்தாம் நாள்தான் கைக்காசு திரும்பும். அன்னிக்கு எதிராளி உங்க சுவர் முன்னாடி நிப்பாரு. சிட்டி ஹாலோட நிறுத்திடுங்க.

வீரர் கட்டடம் கட்டின அன்னிக்கே ஒரு வாரத்து அடிப்படை வளர்ச்சி விற்பனைக்கு வந்துடும். அடுத்த வாரம் பிறந்ததும் மறுபடி வரும். அதனால ஆறாம் நாள் பேரக்ஸ் (2000, 5 தாது), ஏழாம் நாள் கிரிஃபின் டவர் (1000, 5 தாது). ரெண்டுக்கும் மரம் வேண்டாம். ஏழாம் நாள் 7 கிரிஃபின், எட்டாம் நாள் காலையில் இன்னொரு 7. சிட்டாடல் அதுக்கப்புறம். பிளாக்ஸ்மித் இல்லாம பேரக்ஸ் வராது, மேஜ் கில்டு இல்லாம மொனாஸ்டரி வராது, அதனால சிட்டி ஹாலுக்காகக் கட்டினது எதுவும் வீணில்லை.

ஏஞ்சலை (கேஸிலோட மிக வலுவான வீரர்) மறந்துடுங்க. அது கிடைக்கிற போர்ட்டல் ஆஃப் குளோரிக்கு 20000 தங்கமும் பாதரசம், கந்தகம், படிகம், ரத்தினம் தலா 10ம் வேணும். மூணு வாரத்துல அதைத் துரத்தினா வெறும் நகரம்தான் மிஞ்சும்.

எலும்புக்கூடு

அந்த ஒரு காரணத்துக்கே இந்த அளவு வரைபடத்தில் நான் ஸ்ட்ராங்ஹோல்டு என்பேன். அதன் மிக வலுவான வீரரான பெஹிமோத்துக்குரிய பெஹிமோத் லேர் 10000 தங்கம், மரமும் தாதுவும் படிகமும் தலா 10, அவ்வளவுதான். ஹார்ட்டில் 7 படிகத்தோடு தொடங்குகிறீர்கள், இன்னும் 3 போதும். ஒரு பெஹிமோத் 1500 தங்கம், அரிய வளம் எதுவும் கேட்காது. ஏஞ்சலுக்கு 3000 தங்கமும் ஒரு ரத்தினமும். மேஜ் கில்டு (மந்திரம் கற்கும் கட்டடம்) மூன்றாம் நிலையோடு நின்றுவிடும் என்பது குறைதான், ஆனால் மூன்று வாரப் போரில் அது உறைக்காது. மரமும் தாதுவும்தான் இங்கே உயிர்நாடி, இரண்டு சுரங்கமும் கையில் இல்லாமல் இந்த நகரத்தை எடுக்காதீர்கள்.

நெக்ரோபோலிஸ் பெரிய வரைபடத்துக்கு ஏற்றது. நெக்ரோமன்சி (வீழ்ந்த எதிரிகளை எலும்புக்கூடுகளாக எழுப்பும் திறன்) 10, 20, 30 சதவீதம் என்று ஏறும். அது பலன் தர நிறைய சண்டை வேண்டும், சண்டைக்கு நாள் வேண்டும். எதிராளி நெக்ரோபோலிஸ் என்றால் உங்கள் வழி தெளிவு: எலும்புக்கூடுகள் குவியும் முன்பே போய்விடுங்கள்.

கிரிஃபின்_பண்ணை

கட்டட வரிசையைவிட, முதல் வாரச் சண்டைகளில் எத்தனை பேரை இழக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம் என்று தோன்றுகிறது. கேஸில் எடுத்தால்:

கிரிஃபின் ஒரு சுற்றில் இரண்டு முறை திருப்பி அடிக்கும், அதன் மேம்பட்ட வகையான ராயல் கிரிஃபினுக்கு வரம்பே இல்லை. பலவீனமான காலாட்கள் நாலைந்து கூட்டமாகப் பிரிந்து வந்தால், கிரிஃபின்களை ஒரே அடுக்காக (ஒரே குழுவாக) நடுவில் நிறுத்தித் தற்காப்பு கொடுங்கள். அவர்களே வந்து மோதிச் சாவார்கள். வலுவான ஒற்றை அடுக்கு என்றால் தலைகீழ்: ஒற்றை பைக்மேனை முதலில் அடிக்கவிட்டு எதிரியின் பதிலடியைத் தீர்த்துவிட்டு, பிறகு பெரிய அடுக்கை இறக்குங்கள்.

ஹீரோவின் நடை அன்றைய காலையில் படையிலிருக்கும் மிக மெதுவான வீரனைப் பொறுத்தது. பைக்மேனும் ஆர்ச்சரும் வேகம் 4, நடை 1560 புள்ளி. கிரிஃபின் மட்டும் என்றால் வேகம் 6, 1700. வரைபடத்தில் ஒரு கட்டத்துக்கும் அதிகமான தூரம் லாபம். மாலையில் மெதுவானவர்களைப் பக்கத்து ஹீரோவிடம் மாற்றிவிடுங்கள்.

சதுப்புநில_வீரன்

நன்றி. ஒரே ஒரு கேள்வி: ஃபோர்ட் இல்லாமல் நகரம் வந்தால்?

கணக்கர்

ஃபோர்ட் 5000 தங்கம், 20 மரம், 20 தாது. அது இல்லாமல் வீரர் கட்டடமே கிடையாது. தரையில் எதுவும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொண்டால், மர ஆலை, தாதுச் சுரங்கம் இரண்டையும் இரண்டாம் நாளே பிடித்து, வேறெதற்கும் மரம் செலவழிக்காமல் இருந்தால் ஐந்தாம் நாள் 21 சேரும், கட்டலாம். சிட்டி ஹாலுக்காக 15 மரத்தைக் கரைத்தால் ஃபோர்ட் பன்னிரண்டாம் நாள்தான். மூன்றாம் வாரமே வருகிற எதிராளிக்கு எதிராக நான் ஃபோர்ட்டைத்தான் முதலில் கட்டுவேன்.