தினமும் ஒரு கவிதை என்று ஆரம்பித்தேன், 11 நாளில் நின்றுவிட்டது. நீங்கள் எல்லாம் எப்படி எழுதுகிறீர்கள்?

செம்பனைக்காட்டான்:
வணக்கம். நான் மலேசியா, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். பிறந்தது தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடு), இப்போது தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. தீபாவளிக்கு மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, தினமும் எழுதுவது என்று உட்கார்ந்தேன். 11 கவிதை வந்தது. அதில் 6 அம்மா, 3 மழை, மீதி இரண்டை எனக்கே படிக்கப் பிடிக்கவில்லை. இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழரைக்கு வீடு வந்து கோப்பி ஓ கலக்கிக்கொண்டு உட்கார்ந்தால் தாள் தாளாகவே இருக்கிறது. சரி, தலைப்பாவது எடுப்போம் என்று இணையத்தில் தேடினால் ‘பனி விழும் காலை’, ‘இலையுதிர்காலம்’ என்று வருகிறது. பேராக்கில் எங்கே போய் இலையுதிர்காலத்தைத் தேடுவது? உங்களுக்கு எங்கிருந்து வருகிறது, சொல்லுங்கள்.

ஒட்டுப்பால்:
தம்பி, நமக்கு இலையுதிர்காலம் இல்லை என்று யார் சொன்னது? பால்மரம் (ரப்பர் மரம்) பிப்ரவரி, மார்ச்சில் சிவந்து மொத்தமாகக் கொட்டுமே, மறந்துவிட்டீர்களா? காடே வெளிச்சமாகிவிடும், பால் குறையும், அந்த மாதம் வீட்டில் நகை அடகுக்குப் போகும். இதெல்லாம் இருக்கும்போது எதற்கு இணையம்? மழையைப் பற்றி மூன்று எழுதினேன் என்கிறீர்கள். மரம் நனைந்தால் வெட்டு (பாலுக்காகப் பட்டையைச் சீவுவது) இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைய கூலி இல்லை. விடிவதற்கு முன்னே கூரையில் மழை விழுந்தால் பிள்ளைகள் போர்வைக்குள் சந்தோஷப்படுவோம், அம்மாக்கள் எழுந்து உட்கார்ந்துகொண்டு வாசலையே பார்ப்பார்கள். உங்கள் மூன்றில் எதிலாவது அது இருக்கிறதா?

நான் தினமும் கவிதை எழுதுவதில்லை. ஒரு சொல் எழுதுகிறேன். பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது), மங்கு (பால் வடியும் கிண்ணம்), ஆயாக்கொட்டகை (பிள்ளைகளை விட்டுப்போகும் இடம்), இப்படி ஏதாவது ஒன்று. அதன் கீழே வாசம், சத்தம், யார் நின்றார்கள் என்று நாலு வரி, அவ்வளவுதான். என் பெயரைப் பார்த்தாலே தெரியும், ஒட்டுப்பால் (மரத்திலும் மங்கிலும் உறைந்து ஒட்டிய பால்) வாசம் எத்தனை சோப்புப் போட்டாலும் சேலையை விட்டுப் போகாது. அந்த ஒரு சொல்லில் இருந்து எனக்கு நாலு கவிதை வந்தது.

ஈற்றடி:
அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன் (ஓய்வு பெற்ற தமிழாசிரியன், பழக்கம் விடவில்லை). அகப்பாட்டுக்காரர்கள் தலைப்பைத் தேடி அலையவில்லை. நிலம், பொழுது, அங்கே இருக்கும் மரம், பறவை, தொழில், அப்புறம் ஓர் உணர்ச்சி, இதைத்தான் கையில் எடுத்தார்கள். நம் தோட்டத்தை அதில் வைத்துப் பாருங்கள். விடியுமுன் குளிர்ச்சியில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும், அதனால்தான் இருட்டோடு வெட்டப் போனார்கள். இலக்கணப்படி வைகறை மருதத்தின் பொழுது, மருதத்துக்கு உரியது ஊடல். ஆக, ஒரே நிரையில் பேசாமல் மரம் வெட்டும் கணவனும் மனைவியும்! எழுதிப் பாருங்கள். அதுவும் வரவில்லையென்றால் ஒரு நண்பரிடம் ஈற்றடி வாங்கி, மேலே மூன்றடி கட்டுங்கள். வெண்பாவுக்குப் பழைய பயிற்சி அது.

மோட்டர்_பையன்:
ஐயா, சீர் தளை என்றாலே எனக்குப் பள்ளி இறுதி எஸ்பிஎம் பரீட்சை ஞாபகம் வந்து கை நின்றுவிடும் லா. நான் பந்துன் என்ற மலாய்க் கவிதை வழியில் போகிறேன். நாலு வரி, முதல் இரண்டில் கண்ணால் பார்த்தது, அடுத்த இரண்டில் சொல்ல வந்தது, ஒன்றும் மூன்றும் ஒரே ஓசையில் முடியவேண்டும், இரண்டும் நான்கும் அப்படியே. 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய வடிவம், பள்ளியில் எல்லாரும் படித்ததுதானே, தமிழில் செய்தால் என்ன? சிக்னலில் நிற்கும்போது முன்னால் இருப்பதை முதல் இரண்டு வரியாக்கிவிடுவேன், மீதி வீட்டுக்குப் போவதற்குள் வந்துவிடும். நேற்று வந்தது:

லோரி போன பாதை எல்லாம்
உதிரிப் பழம் கிடக்குது
ஊரை விட்ட பிள்ளை எல்லாம்
வாட்சாப்பில்தான் சிரிக்குது

சுமார்தான். ஆனால் தினமும் வருகிறது.

செம்பனைக்காட்டான்:
இன்று காலை தூங்காமல் அக்கா சொன்னபடி ‘நெற்றி விளக்கு’ என்று எழுதி உட்கார்ந்தேன். ஒன்பது வரி. படித்துப் பார்த்தால் ஏழாவது அம்மா கவிதை! ஆனால் அம்மா என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. வெளிச்சம் மட்டும் மரத்துக்கு மரம் போகிறது. ஐயாவின் ஊடலை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

ஒட்டுப்பால்:
அந்த விளக்கு பேட்டரியா, கார்பைடா? கார்பைடு என்றால் அந்த நாற்றத்தை எழுதினீர்களா தம்பி?