நின்று நின்று கசிந்த ரத்தம்

காசிமேட்டிலிருந்து:

அம்மாவுக்கு இதயத்தில் மைட்ரல் வால்வு மாற்றி 9 வருடம் ஆகிறது. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் பழைய வால்வைக் கெடுத்துவிட்டது. இப்போது இருப்பது மெட்டல் வால்வு. அதன்மேல் ரத்தம் உறைந்து கட்டி தட்டாமல் இருக்க ஆயுளுக்கும் அசிட்ரோம் மாத்திரை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கரா மீன் அரியும்போது அரிவாள்மனையில் கட்டைவிரல் கிழிந்தது. சின்னக் காயம்தான். அழுத்தியதும் நின்றது, மஞ்சள்தூள் வைத்துக் கட்டினோம். கால் மணி நேரத்தில் கட்டு முழுக்கச் சிவப்பு. மறுபடி அழுத்தினால் நிற்கும், அப்புறம் மறுபடி கசியும். மத்தியானம் மூன்று துணி மாற்றிய பிறகு ஆட்டோ பிடித்தோம்.

"நின்று நின்று வருகிறதா?" என்றுதான் டாக்டரம்மா முதலில் கேட்டார். காயம் பட்டதும் ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஓடிவந்து ஒன்றோடொன்று ஒட்டி ஓட்டையை அடைக்குமாம். அது அவசர அடைப்பு, அவ்வளவுதான். அதன்மேல் ஃபைப்ரின் நார்கள் வலையாகப் பின்னி இறுக்கினால்தான் தாங்கும். வலை என்றதும் அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அந்த வலைக்கு வேண்டிய புரதங்களில் 2, 7, 9, 10 என்று எண் போட்ட நான்கைக் கல்லீரல் சரியாகச் செய்ய வைட்டமின் கே தேவை. அசிட்ரோம் கை வைப்பது அங்கேதான். அம்மாவுக்குத் தட்டணு குறையவில்லை, வலைதான் விழவில்லை. ரத்தத்தைத் தண்ணீராக்கும் மாத்திரை என்று இத்தனை வருடம் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். ரத்தம் தண்ணீராவதே இல்லை.

ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். 6.8. அம்மாவுக்கு இருக்க வேண்டியது 2.5 முதல் 3.5 வரை. பல்வலி என்று மெடிக்கல் ஷாப்பில் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக் வாங்கி 5 நாள் கொடுத்திருந்தேன். அது அசிட்ரோமின் வேலையை ஏகத்துக்கும் கூட்டிவிடுமாம். கடையில் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விரலில் வந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. தலைக்குள் கசிந்திருந்தால் என்ற நினைப்பில் அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

வைட்டமின் கே ஊசி போட்டு ஒரேயடியாக இறக்கினால் வால்வில் கட்டி தட்டும் பயம் இருக்கிறது. அதனால் விரலை நன்றாக அழுத்திக் கட்டி, இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். மூன்றாம் நாள் 3.1.

மீஞ்சூரிலிருந்து:

எங்கள் சித்தப்பாவை வயலில் கண்ணாடி விரியன் கடித்தது. ஆஸ்பத்திரியில் அவர் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் விட்டு, ஆட்டாமல் 20 நிமிடம் வைத்தார்கள். பெரிய மெஷின் எதுவும் இல்லை. பிறகு நர்ஸ் குழாயை மெதுவாகச் சாய்த்தார். உறைந்திருந்தால் அடியில் கட்டியாக நின்றிருக்கும். அது டீ மாதிரி விளிம்புவரை ஓடி வந்தது. அதைப் பார்த்ததும் சித்தியின் கை என் தோளை இறுக்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த விஷம் ரத்தத்தை உள்ளுக்குள்ளேயே தாறுமாறாக உறைய வைத்து, ஃபைப்ரினுக்கான சரக்கையெல்லாம் தீர்த்துவிடுகிறது. தேவைப்படும்போது உறைய ஒன்றுமே மிச்சமில்லை. விஷமுறிவு மருந்து ஏற்றி, 6 மணி நேரம் கழித்து மறுபடி குழாய். இந்த முறை சாய்த்தபோது அசையவில்லை.

அந்த மருந்து செய்ய விஷம் எடுத்துக் கொடுப்பது இருளர்கள். மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் நடக்கிறது. சித்தப்பா பிழைத்ததும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

எண்ணூரிலிருந்து:

எனக்கு நேர் எதிர். கண்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். ஹார்பர் கேட் கியூவில் ராத்திரி முழுக்கச் சீட்டிலேயே கிடந்து, இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கியது. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்தேன். டாப்ளர் ஸ்கேனில் ஆழமான ரத்தக்குழாயில் உறைகட்டி. உருவியதற்கு டாக்டர் திட்டினார், பிய்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தால் ஆளே காலி. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் தயவுசெய்து தேய்க்காதீர்கள். காசிமேட்டு அண்ணா, அம்மாவுக்குக் கீரையே கூடாதா? எனக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரைதான், அதனால் அதே குழப்பம்.

காசிமேட்டிலிருந்து:

கூடாது என்றுதான் தம்பி நாங்களும் 9 வருடமாக முருங்கைக்கீரையை வீட்டுக்குள் விடவில்லை. கீரையில் வைட்டமின் கே அதிகம், ஆனால் திடீரென்று கூட்டுவதும் குறைப்பதும்தான் தொல்லையாம். வாரா வாரம் ஒரே அளவு என்றால் அதற்கேற்ப மாத்திரையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். உன் மாத்திரை எது என்று டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொள், எல்லா மாத்திரைக்கும் இந்தக் கணக்கு கிடையாது. இப்போது அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை ஒரு கிண்ணம் பொரியல். முதல் வெள்ளி கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.