எரிந்த காரில் பி பில்லர் எங்கே?

ஸ்டீயரிங் சிவா:
பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. 'அமெரிக்கன் கிராஃபிட்டி' (1973) படத்தில் ஹாரிசன் ஃபோர்டு ஓட்டிய கறுப்பு 55 செவர்லே (1955 மாடல்) இன்றும் இருக்கிறது என்று பக்கத்து இழையில் ஒரு மகானுபாவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கைதட்டல் வேறு. படத்தைக் கடைசிவரை பார்த்தீர்களா, பாதியிலேயே எழுந்து போய்விட்டீர்களா? விடியற்காலை ரேஸில் அந்தக் கார் ரோட்டை விட்டு இறங்கி, உருண்டு, தீப்பிடித்து எரிகிறது. எரிந்த கார் எப்படி ஐயா திரும்பி வரும்? இன்றைக்கு யார் கொண்டுவந்து நிறுத்தினாலும் அது நகல்தான்.

நாலு கார்பரேட்டர்:
அந்த மகானுபாவர் நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம்.

மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். மான்டி ஹெல்மன் எடுத்த 'டூ லேன் பிளாக்டாப்' 1971இல் வந்தது. அந்தப் படத்துக்காகக் கலிஃபோர்னியாவின் சன்லேண்டில் ரிச்சர்ட் ரூத் மூன்று 55 செவர்லே கட்டிக் கொடுத்தார். பளபளப்பு எதுவும் கிடையாது, மேலே சாம்பல் நிற பிரைமர், அதாவது அடிப்பூச்சுதான். அது யுனிவர்சல் ஸ்டுடியோ படம். கிராஃபிட்டியும் யுனிவர்சல் படம். 1972இல் ஜார்ஜ் லூகாஸ் படப்பிடிப்பைத் தொடங்கியபோது அந்த மூன்றில் இரண்டுக்குக் கறுப்பு அடித்து எடுத்துக்கொண்டார்கள். ஒன்று ஓட்டுவதற்கு, ஒன்று ஸ்டன்டுக்கு.

எரிந்தது இந்த இரண்டுமே இல்லை. ஓடாத ஹார்ட்டாப் (பக்கத்து ஜன்னல்களுக்கு நடுவே தூண் இல்லாத மாடல்) ஒன்றைக் காயலாங்கடையிலிருந்து கொண்டுவந்து கொளுத்தினார்கள். ஆதாரம் கேட்பீர்கள். படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ரேஸில் ஓடும் காரில் கதவுக்குப் பின்னால் கூரையைத் தாங்கும் தூண், அதாவது பி பில்லர், இருக்கிறது. எரியும் காரில் இல்லை. ரேஸில் ஓடுவது 150 மாடல். 55இல் 150 மாடலுக்கு ஹார்ட்டாப்பே கிடையாது. மற்ற மாடல்களான பெல் ஏரிலும் 210இலும்தான் வந்தது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஸ்டீயரிங் சிவா:
அது விடியற்காலைக் காட்சி. புகை, நெருப்பு, ஓடிவரும் ஆட்கள். அதற்குள் இவருக்கு மட்டும் பி பில்லர் இல்லாதது தெரிகிறது. அது கண்ணா, எக்ஸ்ரேவா?

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தப் படத்தின் மொத்தப் பட்ஜெட் 7,77,000 டாலர். கையைக் கடித்துக்கொண்டு படம் எடுத்தவர்கள், கையில் கார் இருக்கும்போது எரிப்பதற்கென்று இன்னொரு காரைத் தேடிப் போவார்களா?

நாலு கார்பரேட்டர்:
கையைக் கடித்ததால்தான் போனார்கள்! ஓடுகிற காரை எரித்தால் அது நஷ்டம். ஓடாத காரை எரித்தால் அது செட்டு சாமான். அதே படத்தில் வந்த வெள்ளை 58 இம்பாலாவைப் படம் முடிந்ததும் என்ன செய்தார்கள்? பேப்பரில் விளம்பரம் போட்டு 285 டாலருக்கு விற்றார்கள். இருநூற்று எண்பத்தைந்து! அந்த அளவுக்கு ஒவ்வொரு டாலரையும் பார்த்தவர்கள் 454 கன அங்குல என்ஜின் போட்ட காரையா கொளுத்துவார்கள்?

பி பில்லருக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்கிறேன்.

சும்மா எட்டிப்பார்த்தவன்:
ஒரு சந்தேகம். ஹாட் ராட் என்றால் போருக்கு முந்தைய ஃபோர்டை வெட்டி ஒட்டிச் செய்வதுதானே? 55 செவர்லே அந்தக் கணக்கில் வருமா?

நாலு கார்பரேட்டர்:
தம்பி, அதெல்லாம் இப்போது வேண்டாம். இங்கே பேச்சு பி பில்லரைப் பற்றி.

கிளட்ச் கீதா:
இரண்டு பேரும் திரையையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். கார் உண்மையா என்பதைத் திரையில் பார்ப்பதில்லை, காரில்தான் பார்ப்பார்கள். 55 செவர்லேயில் சேசிஸ் நம்பர் தகடு டிரைவர் பக்கத்துக் கதவுக் கீல் இருக்கும் தூணில் இருக்கும். வி8 என்ஜின் போட்ட 150 என்றால் விஏ55 என்று தொடங்கும், 210 என்றால் விபி55. ஆனால் தகட்டைப் பிடுங்கி இன்னொரு பாடியில் அடிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் நிறைய. அது சரியாகவே இருந்தாலும், அந்தக் கார் ஃபேக்டரியிலிருந்து வந்த கதையைத்தான் சொல்லும். சினிமாவுக்குள் போன கதையைச் சொல்லாது.

இப்படிக் கட்டிய கார்களில் பார்க்க வேண்டியது கட்டியவரின் கைவேலை. ரோல் கேஜை (கார் உருண்டாலும் ஆளைக் காக்கும் கம்பிக்கூண்டு) எங்கே வெல்டு அடித்தார், முன் ஆக்ஸிலை எப்படித் தொங்கவிட்டார், கேமரா மாட்டப் போட்ட ஓட்டை எங்கே இருக்கிறது, எந்த ஓட்டையை அப்புறம் அடைத்தார்கள். ரூத்தே நேரில் பார்த்து, இது என் கார்தான் என்று உறுதி செய்த கார் இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுங்களேன்.

ஸ்டீயரிங் சிவா:
கீதா மேடம் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கட்டியவரே வந்து சர்டிஃபிகேட் கொடுப்பது, தன் கடை அல்வாவைத் தானே புகழ்வது மாதிரி. முப்பது வருஷம் கழித்து ஒரு வெல்டைப் பார்த்து, என் கைதான் என்று சொல்ல முடியுமா?

கிளட்ச் கீதா:
முடியும். என் அப்பாவின் பட்டறையில் வந்து பாருங்கள். யார் வைத்த வெல்டு என்று பெயர் சொல்லிக் காட்டுவார்.

நாலு கார்பரேட்டர்:
சிவா சாருக்கு வெல்டும் வேண்டாம், தகடும் வேண்டாம், கண்ணெதிரே இல்லாத பி பில்லரும் வேண்டாம். இவர் யார் என்பது மறந்துபோனவர்களுக்கு நினைவூட்டுகிறேன். 2016இல் 'புல்லிட்' படத்து மஸ்டாங் காரைப் பற்றிய இழையில், ஸ்டன்டுக்குப் பயன்பட்ட இரண்டாவது காரை நசுக்கி இரும்பாக்கிவிட்டார்கள் என்று சத்தியம் செய்தவர் இவர். 2017இல் அந்தக் கார் மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியாவில் கிடைத்தது. சேசிஸ் நம்பர் பொருந்தியது. ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய முதல் கார் 2018இல் டெட்ராய்ட் ஷோவில் வந்து நின்றது, 2020 ஜனவரியில் ஏலத்தில் கமிஷனோடு சேர்த்து 37.4 லட்சம் டாலருக்குப் போனது. சிவா சார் அந்த இழைக்கு அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஸ்டீயரிங் சிவா:
இதற்குத்தான் காத்திருந்தேன். ஒவ்வொரு சண்டையிலும் மஸ்டாங்கை இழுத்து வராவிட்டால் இவருக்குத் தூக்கம் வராது. மெக்சிகோவில் கிடைத்தது என்ன? வெள்ளை பெயின்ட் அடித்த வெறும் பாடி. அதற்குப் பெயர் காரா? நான் சொன்னது பாதிக்கு மேல் சரி. எட்டிப் பார்க்காததற்குக் காரணம், அங்கே உங்கள் மொழி அப்படி இருந்தது.

நாலு கார்பரேட்டர்:
'பாதிக்கு மேல் சரி.' இதை பிரேம் போட்டு மாட்ட வேண்டும். சேசிஸ் நம்பர் சரியாக இருக்கும் கார், கார் இல்லையாம். ஆனால் பி பில்லரே இல்லாத வேறு கார் எரிந்தால், எரிந்தது இந்தக் கார்தானாம்.

டியூஸ் மாமா:
ஏன் சாமி, அந்தப் படத்தில் ஜெயித்தது யார் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் 32 ஃபோர்டு, ஐந்து ஜன்னல் கூபே. போஸ்டரில் நிற்க வேண்டிய கார் அதுதான். அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. எட்டிப்பார்த்த தம்பி கேட்டது நியாயமான கேள்வி. படத்தில் உண்மையான ஹாட் ராட் என்றால் அது கூபேதான், செவர்லே வில்லனின் வண்டி.

அதன் வரலாற்றில் குழப்பமே கிடையாது. தயாரிப்பில் இருந்த கேரி கர்ட்ஸ் சுமார் 1,300 டாலர் கொடுத்து வாங்கியபோது அது சிவப்பு நிறம். கூரை ஏற்கெனவே வெட்டித் தாழ்த்தப்பட்டிருந்ததால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார். மஞ்சள் அடித்து, முன்பக்கம் மோட்டார் சைக்கிள் மட்கார்டு மாட்டி, டிஹெச்எக்ஸ் 138 என்று நம்பர் பிளேட் போட்டார்கள். 1979இல் வந்த இரண்டாம் பாகத்திலும் ஓடியது. ஒரே கார். இரண்டாவது, மூன்றாவது என்ற பேச்சே இல்லை.

நாலு கார்பரேட்டர்:
மாமா, அந்தக் கூபேயைப் படம் முடிந்ததும் 1,500 டாலருக்கு விற்கப் பார்த்து, வாங்க ஆளே வரவில்லை. அதையும் சொல்லுங்கள்.

டியூஸ் மாமா:
வரவில்லைதான். வந்திருந்தால் இரண்டாம் பாகத்தில் என்ன ஓடியிருக்கும்? நல்ல வேளை. உங்கள் செவர்லேக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை, அதனால்தானே இந்த இழையே!

கிளட்ச் கீதா:
மாமா சொன்னதில் ஒன்று இருக்கிறது. கூபே இரண்டு பாகத்திலும் ஓடியது ஒரே மஞ்சள் நிறத்தில்தான். செவர்லே இரண்டு படத்தில் ஓடியது, முதலில் சாம்பல், அப்புறம் கறுப்பு. இன்றைக்கு அதைப் புதுப்பிக்கிறவர் சாம்பல் அடித்தால் கிராஃபிட்டியின் தடயம் அதோடு மறைந்துவிடும். கறுப்பை விட்டுவைத்தால் அடியில் இருக்கும் ரூத்தின் பிரைமரை யாரும் பார்க்க முடியாது. எதைச் செய்தாலும் பாதிக் கதை போகும். அப்போது எதை உண்மையான கார் என்பீர்கள்?

ஸ்டீயரிங் சிவா:
எதையும் இல்லை. அதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

நாலு கார்பரேட்டர்:
முதலிலிருந்து நீங்கள் சொன்னது 'எரிந்துபோனது' என்று. இப்போது 'பெயின்ட் மாறியது'. நாளைக்கு டயர் மாறியது என்பீர்கள். மெதுவாக நகர்கிறீர்கள், நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். பி பில்லர். ஒரே ஒரு கேள்வி. இருக்கிறதா, இல்லையா?

ஸ்டீயரிங் சிவா:
என் பிரதியில் இருட்டாக இருக்கிறது.

நாலு கார்பரேட்டர்:
டிவியின் வெளிச்சத்தைக் கூட்டுங்கள் சார்.

ஸ்டீயரிங் சிவா:
கூட்டிப் பார்த்தேன். நெருப்புதான் பெரிதாகத் தெரிகிறது. அப்படியே ஹார்ட்டாப் என்று வைத்துக்கொண்டாலும், உருண்ட கார் எது? ஆட்டோமேட்டிக் கியர் போட்ட ஸ்டன்ட் கார். அது உருண்டது உண்மைதானே? உருண்ட காரை நிமிர்த்தித் தட்டி நேராக்கிவிட்டு, படத்தில் வந்த கார் என்று சொன்னால் அது நேர்மையா?

நாலு கார்பரேட்டர்:
ஆகா, 'வைத்துக்கொண்டாலும்'! எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டீயரிங் சிவா:
ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஒப்புக்கொண்டதாகத் திரிக்க வேண்டாம். இதே பழக்கம்தான் மஸ்டாங் இழையிலும்.

சும்மா எட்டிப்பார்த்தவன்:
அப்போ ஓட்டின கார் எங்கே இருக்கிறது, ஸ்டன்ட் கார் எங்கே இருக்கிறது, மூன்றாவது எங்கே? யாராவது அதைத் தனித்தனியாகச் சொன்னால் புரியும்.

டியூஸ் மாமா:
அதைக் கேட்காதே தம்பி, இன்னும் நாலு பக்கம் ஓடும். கார்பரேட்டர் சாரிடம் எனக்கு வேறு கேள்வி இருக்கிறது. செவர்லேக்கு இவ்வளவு வக்காலத்து வாங்குகிறீர்கள். உங்கள் பெயரில் இருக்கும் நாலு கார்பரேட்டர் எந்தக் காரில் இருந்தது? கூபேயில். 327 என்ஜின், மேலே மேன் ஏ ஃப்ரீ மேனிஃபோல்டு, அதில் நாலு ரோச்செஸ்டர் கார்பரேட்டர். பெயரை எங்கள் வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு எதிரி வண்டிக்கு வாதாடுவது என்ன நியாயம்?

நாலு கார்பரேட்டர்:
நாலு கார்பரேட்டர் உங்கள் கூபேக்கு மட்டும் எழுதி வைத்த சொத்தா? தனி இழை தொடங்குங்கள் மாமா, அங்கே வந்து பேசுகிறேன். வெட்டிய கூரை, மோட்டார் சைக்கிள் மட்கார்டு, செவர்லே என்ஜின். அதில் ஃபோர்டு எவ்வளவு மிச்சம் என்பதையும் சேர்த்தே பேசலாம்.

டியூஸ் மாமா:
ஃபோர்டு எவ்வளவு மிச்சமா? இன்றைக்கு ராத்திரியே தொடங்குகிறேன், ஓடிப் போகாதீர்கள்.