சுருட்டுப் பெட்டியின் கண்ணாடி மூடி: ஆலோசனை வேண்டுகிறேன்

சுருட்டுகளைச் சேமிக்கவும் பார்வைக்கு வைக்கவும் ஏற்ற மரப்பெட்டி ஒன்றை வடிவமைத்து வருகிறேன். உள்ளே ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் வரை நிலைத்திருக்க வேண்டும் என்பதால், பெயரில் சீடர் (cedar, தேவதாரு மரம்) என்றிருந்தாலும் மகாகனி குடும்பத்தைச் சேர்ந்த ஸ்பானிஷ் சீடர் பலகையை உட்புறம் பதித்திருக்கிறேன்.

சிக்கல் மூடியில்தான். முதல் மாதிரியில், மரச்சட்டம் ஈரத்தால் உப்பியும் உலர்ந்து சுருங்கியும் அசைய, கண்ணாடி அசையாமல் நின்றதால் விளிம்பில் இடைவெளி விழுந்து, ஒரே இரவில் ஈரப்பதம் 58 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. சிலிக்கோன் பசை பூசலாம். ஆனால் அதன் வாடையைப் புகையிலை ஈர்த்துக்கொள்ளுமோ என்று தயங்குகிறேன். சட்டத்தில் காடி (நீண்ட பள்ளம்) வெட்டி, கண்ணாடியை இறுக்காமல் பொருத்தி, விளிம்பில் மென்மையான பட்டை வைத்தால் கசிவு நிற்குமா? இத்தகைய பெட்டியைச் செய்தவர்கள் மூடியை எவ்வாறு அமைத்தீர்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.